பறக்காது அணி

அந்தப் பையைக் கீழ வைக்காதீங்க அண்ணாச்சி, மடியிலயே வச்சுக்கிடுங்க. சின்னப் பைதான், கனக்காது. உள்ள ஒரு சால்வை இருக்கு, அழுக்காயிரக் கூடாது. எனக்கு இல்ல, நடுவருக்கு. ஆமா, பட்டிமன்றம். மத்தியானம் மூணு மணிக்குச் சங்கரன்கோவில்ல, ஒரு சங்கத்து ஆண்டு விழா. நான் பேச்சாளர்.

என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்குமே? நல்லா யோசிங்க. நகைச்சுவைச் சூறாவளி சுடலைமுத்து, கோவில்பட்டி. "என் மனைவி வச்ச ரசத்தை வாசல்ல ஊத்தினேன், நாய் வந்து மோந்து பாத்துட்டு, எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போச்சு." அது நான்தான். ஆங், இப்பத் தெரிஞ்சுட்டுல்லா! பதினாலு வருஷமா அந்த ரச ஜோக்கு ஓடுது. நெசத்துல அவ வைக்கிற ரசம் பிரமாதமா இருக்கும், அது வேற விஷயம்.

இன்னிக்கு மேடை ஏறுததா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. பஸ்சு சங்கரன்கோவில் ஸ்டாண்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னால பண்ணியாகணும். கழுகுமலை இன்னும் வரலை, நேரம் கிடக்கு. நீங்க நியாயமான ஆளாத் தெரியுதீங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு. ஒரு பக்கமாச் சொல்லுத பழக்கம் எனக்குக் கிடையாது.

மொதல்ல ஒரு கேள்வி. டிரெட்மில் பாத்திருக்கீங்கல்லா? ஜிம்முல கிடக்குமே, கீழ பட்டை பின்னால ஓடும், நாம மேல நின்னு முன்னால ஓடுவோம், ஒரு ஊருக்கும் போய்ச் சேர மாட்டோம். அதே மாதிரி ரன்வே நீளத்துக்கு ஒரு டிரெட்மில்னு வச்சுக்கிடுங்க. அது மேல ஒரு விமானம். விமானம் எவ்வளவு வேகத்துல முன்னால போகுதோ, அதே வேகத்துல பட்டை பின்னால ஓடும். இப்பச் சொல்லுங்க. விமானம் பறக்குமா, பறக்காதா?

பாத்தீங்களா, நீங்களும் பறக்காதுங்கீங்க! அப்படித்தான் தோணும். யாருக்கும் தோணும். இந்தக் கேள்விதான் அண்ணாச்சி என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு.

என் வீட்டுக்காரி செண்பகவல்லி ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா. பாலிடெக்னிக் வாசலுக்கு எதுத்தாப்புல. பையங்க நோட்டு ஜெராக்ஸ் எடுக்க வருவாங்க. பங்குனி மாசம் ஒரு நாள், ரெண்டு பேரு மொபைல்ல இந்தக் கேள்வியைப் பாத்துட்டுக் கடை முன்னால நின்னு சண்டை போடுதாங்க. மறுநாள் எட்டுப் பேரு. ஒரு வாரத்துல மெக்கானிக்கல் டிபார்ட்மெண்டே ரெண்டாப் பொளந்துட்டு. அதோட விட்டா? வாத்தியாருமாரு வரைக்கும் போயிட்டு. பறக்கும்னு சொல்லுத வாத்தியாரெல்லாம் ஒரு டீக்கடை. பறக்காதுன்னு சொல்லுதவங்க ரோட்டைத் தாண்டி வேற டீக்கடை.

பிரின்சிபால் பாத்தாரு. ஆண்டு விழா வேற வருது. இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு நெனச்சாரு. என்ன செஞ்சிருப்பாருங்கீங்க? பெரிய காலேஜு எதுக்காவது எழுதிக் கேட்டிருக்கலாம். விமானம் ஓட்டுத ஆளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கலை. பட்டிமன்றம் வச்சிட்டாரு. "புலவர் ஐயா தீர்ப்புச் சொல்லிட்டாருன்னா அப்புறம் ஒருத்தனும் வாயைத் தொறக்க முடியாதுல்லா"ன்னாராம். எனக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுது. இப்பவும் படுது.

புலவர் ஐயான்னா புலவர் ஆவுடையப்பன், எங்க குழுவுக்கு நடுவர். முப்பது வருஷம் அந்த நாற்காலியில உக்காந்தவரு. அவரு தீர்ப்பு எப்படி இருக்கும்னா, ரெண்டு அணிக்கும் ஆளுக்கொரு வாழைப்பழம் குடுத்த மாதிரி இருக்கும். "மாமியாரும் ஒரு காலத்துல மருமகதான், மருமகளும் ஒரு காலத்துல மாமியாருதான்"ன்னு முடிப்பாரு. தோத்தோம்னு யாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனது கிடையாது. அவருக்கு இப்ப தொண்டையில கோளாறு. டாக்டரு பேசவே கூடாதுன்னுட்டாரு. மக வீட்டோட போய் இருக்கப் போறேன்னு ஓசூருக்குக் கெளம்புததா இருந்தாரு. பாலிடெக்னிக் விழாதான் கடைசி மேடை. "அன்னிக்குத் தீர்ப்போட சேத்து, எனக்கு அப்புறம் நடுவர் யாருன்னும் சொல்லிடுதேன்"ன்னு எங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாரு.

குழுவுல நாங்க ஆறு பேரு. மூத்தவன் யாரு? நான். மைக் செத்துப் போனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேக்குத தொண்டை யாருக்கு? எனக்கு. ஒவ்வொரு கூட்டமும் முடிஞ்சு ஜனம் கலைஞ்ச பெறகு, அந்தக் கைவச்ச நாற்காலியில ரெண்டு நிமிஷம் நான் உக்காந்து பாப்பேன். மணியை ஒரு தட்டுத் தட்டிப் பாப்பேன். இருபத்தோரு வருஷமா இந்தப் பழக்கம். பால் சங்கத்துல கிளார்க்கு வேலை பாக்கேன் அண்ணாச்சி. அங்க என்னை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. மேடையிலதான் நான் ஒரு ஆளு. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், அந்த நாற்காலி மேல எனக்கு அவ்வளவு ஆசை.

செண்பகவல்லியும் குழுவுலதான் இருக்கா. நான்தான் கொண்டாந்து சேத்தேன். எதிர் அணிக்கு ஒரு பொம்பளை ஆளு தேவைப்பட்டுது, உக்கார வச்சேன். நான் அவளைக் கிண்டல் பண்ணுவேன், அவ சிரிப்பா, ஜனம் கை தட்டும். பொண்டாட்டி எதுத்தாப்புலயே இருந்தா ஜோக்குக்கு ஒரு மவுசு. அவ பேச்சு ஒண்ணும் பெருசா இருக்காது. சத்தமே வராது, சும்மா பக்கத்து வீட்டுல பேசுத மாதிரி பேசுவா. ஆனா குறிப்பு நல்லா எழுதுவா. என் குறிப்பெல்லாம் அவதான் எழுதுதது. நான் சாய்ஞ்சு உக்காந்து 'ம், ம்'னு சொல்லச் சொல்ல அவ எழுதிருவா. நடுநடுவுல அவளாக் கொஞ்சம் சேத்துக்கிடுவா. ரச ஜோக்கா? அதுவும் அவ எழுதினதுதான். ஆனா 'மோந்து பாத்துட்டு'ங்க எடத்துல நான் ஒரு நிறுத்து நிறுத்துவேன் பாத்தீங்களா, அது முழுக்க என்னோடது.

சரி, விஷயத்துக்கு வாரேன். "சுடலை, நீ மூத்தவன். உனக்கு எந்த அணி வேணும்?"ன்னு புலவர் ஐயா கேட்டாரு. நான் யோசிச்சேன். எதுல ஜோக்கு அதிகம்? பறக்காதுலதான். ஓடி ஓடி நின்ன எடத்துலயே நிக்கதுன்னா அது குடும்பஸ்தன் கதைலா! பறக்காது அணியை எடுத்துக்கிட்டேன். மிச்சம் கிடந்தது பறக்கும். அது செண்பகவல்லிக்கு. எப்பவுமே மிச்சம்தான் அவளுக்கு. ஒரு வார்த்தை சொல்ல மாட்டா, நல்ல குணம்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும், "பறக்காதுல்லாங்க, இதைப் போயி எப்படிப் பேசுவேன்?"ன்னு கேட்டா. "அது உன் தலையெழுத்து. ரெண்டு கவிதையைச் சொல்லிட்டு உக்காந்துரு"ன்னேன்.

அவ கேக்கணுமே. கடைக்கு வாரவன் போறவனையெல்லாம் நிறுத்தி வச்சுக் கேட்டிருக்கா. பறக்கும் டீக்கடையிலயும் கேட்டிருக்கா, பறக்காது டீக்கடையிலயும் கேட்டிருக்கா. ஒரு நாள் நான் வேலை முடிஞ்சு வந்து பாக்கேன், மேசை மேல நீளமாப் பேப்பரை விரிச்சு வச்சிருக்கா. அது மேல பக்கத்து வீட்டுப் பிள்ளையோட பொம்மைக் காரு. காரு மூக்குல நூலைக் கட்டி ஒரு கையில புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பேப்பரைப் பின்னால உருவுதா. உருவிட்டுச் சிரிக்கா. திரும்ப விரிக்கா, திரும்ப உருவுதா.

"ஏட்டி, சோறு ஆயிட்டா?"ன்னேன்.

"இங்க வந்து இதைக் கொஞ்சம் பாருங்களேன். பேப்பரை எவ்வளவு வேகமா இழுத்தாலும் காரு நின்ன எடத்துல நிக்கி. நூலை லேசாச் சுண்டினாப் போதும், முன்னால வந்துருது"ன்னா.

பசி நேரத்துல பொம்மைக் காரை யாரு பாப்பா? போய்க் கை கழுவிட்டு உக்காந்துட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், எனக்கு எழுத வேண்டியதை அவ குறை வைக்கலை. பதினோரு பக்கம். பறக்காதுன்னு அவ்வளவு அழகா எழுதியிருந்தா. ஆறாவது பக்கத்துல, 'இங்கே டிரெட்மில்லில் ஏறி ஓடவும். கால் நிமிடம் கழித்து மூச்சு வாங்கவும்'னு இருந்துச்சு. அது என் யோசனை. அதாவது, அவ எழுதியிருந்ததைப் பாத்ததும் எனக்கே அந்த யோசனை வந்துட்டு. ஜிம்முக்காரர்கிட்டச் சொல்லி டிரெட்மில்லுக்கும் அவளே ஏற்பாடு பண்ணிட்டா.

விழா அன்னிக்குக் காலையில பதினோரு மணி. ஆடிட்டோரியம் நெறைய பையங்க, பிள்ளைங்க. இடது பக்கம் பறக்காது வாத்தியாருங்க, வலது பக்கம் பறக்கும் வாத்தியாருங்க, கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் உக்காந்த மாதிரி. மத்தவங்க பேசினதை விடுங்க. என் முறை வந்துச்சு. எந்திரிச்சேன்.

"நடுவர் அவர்களே! வானத்தை வென்ற மனிதன் இன்று ஒரு ரப்பர் பட்டையிடம் தோற்றுப்போய் நிற்கிறான்! ஏன்? நான் ஒரு கணவன் நடுவர் அவர்களே, எனக்குத் தெரியும்!" அப்படின்னு சொல்லிட்டு, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, கையை ரெண்டு பக்கமும் றெக்கையா விரிச்சுக்கிட்டு, டிரெட்மில்லுல ஏறி ஓடுதேன். ஜிம்முக்காரரு வேகத்தைக் கூட்டுதாரு. நான் ஓடுதேன், ஓடுதேன். "பாருங்கள் நடுவர் அவர்களே! கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிறேன்! ஒரு அங்குலம் நகர்ந்தேனா? என்னாலேயே முடியவில்லை, விமானத்தால் எப்படி முடியும்?"

அண்ணாச்சி, கூரை பிஞ்சிருக்கணும். விசிலு என்ன, பெஞ்சைத் தட்டுதது என்ன! பறக்கும் வாத்தியாருங்களே சிரிச்சுட்டாங்க. புலவர் ஐயா கண்ணுல தண்ணி. எறங்கி வந்து உக்காந்தப்ப அந்த நாற்காலியை ஒரு பார்வை பாத்தேன். இனி நம்மளுதுதான்னு நெனச்சேன்.

அடுத்து செண்பகவல்லி வந்தா. கையில பேப்பர் இல்ல. "நடுவர் அவர்களே"ன்னா, வழக்கம் போலச் சின்னக் குரல்ல. பையங்க அமைதியாயிட்டாங்க, அவகிட்டத்தான ஜெராக்ஸ் எடுக்காங்க.

"எங்க வீட்டுக்காரரு நல்லா ஓடினாங்க. காலால தரையைத் தள்ளித் தள்ளி ஓடினாங்க. அவங்க தள்ளுத தரையைப் பட்டை பின்னால உருவிட்டு, அதனால நின்ன எடத்துலயே நின்னாங்க. பஸ்சா இருந்தாலும் நிக்கும், ஏன்னா பஸ்சுக்குப் பலம் சக்கரத்துல. ஆனா விமானத்துக்குச் சக்கரத்துல பலம் கிடையாது. அது சும்மா உருளுததுக்கு. விமானம் தரையைத் தள்ளுததே இல்ல. காத்தைத் தள்ளுது. பட்டை ஓடினாக் காத்து ஓடுமா?"

இவ்வளவுதான். ஒரு ஏத்தம் இல்ல, எறக்கம் இல்ல. எனக்கே பாவமா இருந்துச்சு. இவ உக்காந்துருவான்னு பாக்கேன், உக்காரலை.

"எங்க வீட்டுக்காரரை எனக்கு ரெண்டு நிமிஷம் தருவீங்களா நடுவர் அவர்களே?"

கூட்டம் ஓன்னு கத்துது. ஒர்க்ஷாப்புல வண்டிக்கு அடியில படுத்து வேலை பாக்கதுக்கு ஒரு சக்கரப் பலகை வச்சிருப்பாங்கல்லா, அதை ரெண்டு பையங்க கொண்டாந்து டிரெட்மில் மேல வைக்காங்க. என்னை அதுல உக்காரச் சொல்லுதா. மேடையில கூப்பிட்டா மாட்டேங்குத பழக்கம் நமக்குக் கிடையாது. அதுவும் போக, பட்டை ஓடினா நான் பின்னால போய்ப் பொத்துன்னு விழுவேன், கூட்டம் சிரிக்கும், நம்ம அணிக்குத்தான் லாபம்னு கணக்குப் போட்டேன். காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உக்காந்தேன்.

பலகைக்கு முன்னால கொடிக்கயித்தைக் கட்டினா. கயித்துல ஒரு ஸ்பிரிங் தராசு. பழைய பேப்பர் கடைக்காரர்கிட்ட வாங்கிட்டு வந்தது, கட்டுக் கட்டாத் தூக்கி நிறுப்பாங்களே, அது. தராசோட மறு பக்கத்தைப் புடிச்சுக்கிட்டு எனக்கு முன்னால நின்னா. ஒரு பிள்ளையை மைக்கோட தராசு பக்கத்துல நிறுத்தி, "முள்ளைப் பாத்துச் சொல்லு"ன்னா. ஜிம்முக்காரருக்குத் தலையை ஆட்டினா.

பட்டை ஓடுது. எனக்குக் கீழ சக்கரம் கடகடன்னு சுத்துது. நான் போகலை.

"ரெண்டு கிலோ"ங்கா அந்தப் பிள்ளை மைக்குல.

"வேகத்தைக் கூட்டுங்க"ங்கா செண்பகவல்லி. பட்டை இன்னும் வேகமா ஓடுது. "ரெண்டு கிலோ."

"இன்னும் கூட்டுங்க." பட்டை பறக்குது, பலகை கிர்ருங்குது, என் பல்லெல்லாம் ஆடுது. நான் ஓடினதை விட ரெண்டு மடங்கு வேகம். "ரெண்டு கிலோதான்!" இப்ப அந்தப் பிள்ளை கத்துது.

அப்புறம் செண்பகவல்லி கயித்தை லேசா இழுத்தா. ஒரு கைதான் அண்ணாச்சி. இன்னொரு கையால சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டிருந்தா. "மூணு கிலோ!" நான் முன்னால வாரேன். பட்டை அத்தனை வேகத்துல பின்னால ஓடுது, நான் பாட்டுக்குச் சாமி சப்பரம் மாதிரி முன்னால போறேன்.

"நான் இழுக்கது மாதிரிதான் இன்ஜின் காத்தைத் தள்ளி விமானத்தை முன்னால கொண்டு போகுது. சக்கரம் ரெண்டு மடங்கு சுத்தும், அவ்வளவுதான். விமானம் போயிட்டே இருக்கும், பறந்துரும்." சொல்லிட்டுக் கயித்தைப் பாத்தா, என்னைப் பாத்தா. "எண்பத்திரெண்டு கிலோ மனுசரை நகட்டுததுக்கு மூணு கிலோ போதும் நடுவர் அவர்களே. இருபத்தாறு வருஷமா இது தெரியாம நான்தான் கஷ்டப்பட்டுட்டேன்."

கூரை பிஞ்சிருக்கணும்னு சொன்னேன்லா, அது அப்பத்தான் நெசமாப் பிஞ்சுது. பையங்க நாற்காலி மேல ஏறிட்டாங்க. நானும் சிரிச்சேன், சிரிக்காம இருக்க முடியுமா? பலகையில உக்காந்தவாக்குல சிரிச்சேன். ஆனா ஒண்ணு, இந்த மாதிரி ஜோக்கை அவ எனக்கு எழுதித் தந்ததே இல்ல.

கடைசியாப் புலவர் ஐயா மைக்கைப் புடிச்சாரு. காத்து மாதிரி ஒரு குரல்ல, "அணியை விட்டுத் தள்ளுங்க. ரெண்டு பேரும் மனசுல இருக்கதைச் சொல்லுங்க. பறக்குமா, பறக்காதா?"ன்னாரு. முப்பது வருஷத்துல அவரு இப்படிக் கேட்டதே கிடையாது.

நான் விடுவனா? எந்திரிச்சேன். "நடுவர் அவர்களே! அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், என்றும் சொல்வேன்! பறக்காது! பறக்காது! பறக்கவே பறக்காது!" மூணு தடவை, ஒவ்வொண்ணும் ஒரு ஸ்தாயி. சொன்ன சொல்லுல நிக்கணும்லா ஒரு மனுசன்?

அவ எந்திரிச்சா. "மொதல்ல நானும் பறக்காதுன்னுதான் நெனச்சேன் ஐயா. அது தப்பு. பறக்கும்"ன்னா. உக்காந்துட்டா.

புலவர் ஐயா மணியைத் தட்டினாரு. தீர்ப்பு ரெண்டே வரி. "விமானம் பறக்கும். தான் நெனச்சது தப்புன்னு கூட்டத்துக்கு முன்னால சொல்லத் தெரிஞ்சவங்கதான் இந்த நாற்காலியில உக்காரணும்." அப்படின்னுட்டுத் தன் தோள்ல கிடந்த சால்வையை எடுத்துச் செண்பகவல்லி கையில குடுத்துட்டாரு. அந்தச் சால்வைதான் உங்க மடியில இருக்கு.

எப்படி இருக்கு நியாயம்? தப்பா நெனச்சேன்னு ஒத்துக்கிட்ட ஆளுக்கு நாற்காலியாம். ஆரம்பத்துல இருந்து ஒரே சொல்லுல நின்ன ஆளுக்குப் பெஞ்சாம். நீங்களே சொல்லுங்க! என்ன, சிரிக்கீங்க?

அன்னிக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டுதேன். காப்பியைக் கொண்டாந்து வச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்தா. "நாற்காலி எனக்குக் கிடைச்சதுல உங்களுக்கு வருத்தம்னா, அது எனக்குப் புரியுது. அதை நான் கேக்கலை. நீங்க அந்தப் பலகையில இருந்தீங்கல்லா, எனக்கு மட்டும் நெசமாச் சொல்லுங்க. பறக்குமா, பறக்காதா?"ன்னா.

நான் பேப்பரை விரிச்சுக்கிட்டேன். ரெண்டு நிமிஷம் இருந்து பாத்துட்டு டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டா.

பதினேழு நாளு ஆச்சு. சண்டை கிண்டை ஒண்ணும் கிடையாது. சாப்பாடு வைக்கா, 'மாத்திரை போட்டாச்சா'ன்னு கேக்கா. ஆனா அந்தப் பேச்சு இல்ல. முன்னால எல்லாம் கடையில நடந்ததை ஒண்ணு விடாமச் சொல்லிச் சிரிப்பா. நான் பாதி கேப்பேன், பாதி கேக்க மாட்டேன். இப்ப வீடு அமைதியா இருக்கு. அந்தச் சத்தம் இல்லாம எனக்கு முடியலை அண்ணாச்சி.

இன்னிக்கு அவ நடுவரா உக்காருத மொத மேடை. தலைப்பு என்ன தெரியுமா? 'இல்லறத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவரா, மனைவியா?' நான் கணவரே அணி. "குறிப்பு எழுதித் தாயேன்"ன்னு கேட்டேன். "நடுவரு ஒரு அணிக்கு மட்டும் எழுதித் தரக் கூடாதுங்க"ன்னுட்டா. சரி, நாமளே எழுதுவோம்னு நோட்டை எடுத்து உக்காந்தேன். புருசன் விட்டுக்குடுத்த விஷயம் ஒண்ணாவது வேணும்லா எழுத? நாலு நாளா யோசிக்கேன். இந்தாங்க பாருங்க நோட்டை. 'நடுவர் அவர்களே'ன்னு மட்டும் இருக்கு.

காலையில கெளம்பும்போது சொல்லிட்டா. "மேடை ஏறணும்னா, ஏறதுக்கு முன்னால நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு ஏறுங்க. ஊருக்கு முன்னால சொல்ல வேண்டாம், எனக்குச் சொன்னாப் போதும். இல்லைன்னா நீங்க வந்த பஸ்சுலயே திரும்பிருங்க, நம்ம குழு பரமசிவம் வாத்தியாரைப் பேசச் சொல்லிக்கிடுதேன். மனசுக்குத் தெரிஞ்சதை வாயால சொல்லாதவங்களை என் மேடையில ஏத்த மாட்டேன்." என் மேடைங்கா! நான் கொண்டாந்து சேத்த பொம்பளை!

அந்தா, முன்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை. அவதான். மெதுவா, மெதுவா. எட்டிப் பாக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்க பிள்ளைங்க ரெண்டும் கழுகுமலையில ஏறினதுல இருந்து அவகூட செல்பி எடுத்துக்கிட்டிருக்கு. அன்னிக்குப் பையங்க மொபைல்ல எடுத்துப் போட்ட பலகை வீடியோவைப் பாத்திருக்கும். அதுல பலகை மேல இருக்கது யாருன்னு ஒருத்திக்கும் தெரியலை, என்னைத் தாண்டித்தான் ஏறிப் போச்சுங்க.

உங்களுக்குச் சொல்லுததுக்கு என்ன. பலகையில உக்காந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுட்டு அண்ணாச்சி. கீழ அந்தப் பட்டை அத்தனை ஆங்காரமா ஓடுது, அது என்னை ஒண்ணுமே செய்யலை. அவ ஒரு கையால இழுத்தா, நான் போனேன். அவ்வளவு லேசா இருந்துச்சு. சக்கரம் ஒரு பக்கம் சுத்திக்கிட்டுக் கிடக்கு, நான் ஒரு பக்கம் போயிட்டே இருக்கேன். அந்த நேரத்துல அவ மூஞ்சியைப் பாத்தேன். கூட்டத்தைப் பாத்துச் சிரிக்கலை அவ. என்னைப் பாத்து, 'தெரியுதா?'ங்க மாதிரி நின்னா. மேசை மேல பொம்மைக் காரை வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டாளே, அப்பவும் அதைத்தான் காட்டக் கூப்பிட்டிருக்கா. எனக்குத் தெரிஞ்சுட்டு. தெரிஞ்சுதான் எந்திரிச்சு நின்னு, பறக்காதுன்னு மூணு தடவை கத்தினேன். அன்னில இருந்து அது நெஞ்சுக்குள்ள முள்ளாக் குத்துது.

ஸ்டாண்டு வந்துட்டா? அதுக்குள்ளயா? பாருங்க, எந்திரிச்சுட்டா. கூப்பிட மாட்டா. கம்பியைப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி ஒரு பார்வை பாக்கா, அவ்வளவுதான். கண்டக்டர் விசிலு அடிக்கப் போறாரு. நீங்க ஒண்ணும் சொல்லலையே? யாரு மேல தப்புன்னு கேட்டனே... சரி, சொல்ல வேண்டாம். உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன், கேட்டுக்கிடுங்க.

பறக்கும்.

பறக்கும் அண்ணாச்சி. ஒண்ணும் ஆகலையே, நாக்கு நல்லாத்தான் இருக்கு. அந்தப் பையைக் குடுங்க. காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க, நான் எறங்கணும்.